பாடம் இல்லை, தடுப்பூசிச் சீட்டுதான் காலை வாரியது

41 வயதில் நர்சிங் சேரப் போகிறேன் என்றதும் எல்லாரும் வேதியியலைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். விடிகாலையில் எழுந்து படித்தேன், நுழைவுத் தேர்வில் தேறிவிட்டேன். படுத்தி எடுத்ததெல்லாம் காகிதங்கள்.

"யாருக்கு அட்மிஷன், பிள்ளைக்கா?" என்றுதான் அலுவலகத்தில் ஆரம்பித்தார்கள். எனக்குத்தான் என்றதும் பழைய மதிப்பெண் பட்டியலை ஒரு புரட்டு புரட்டினார் அந்த அம்மா. 'உயிரியல்' என்று மட்டும் இருக்கிறதாம். செய்முறை வகுப்பு எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்கி வரவேண்டுமாம். பழைய கல்லூரிக்குப் போனால், "அந்தப் பாடத்திட்டமே இப்ப இல்லீங்களே" என்று கையை விரித்துவிட்டார்கள். இரண்டு நாள் லீவு போனதுதான் மிச்சம். கடைசியில் பழைய பெட்டியில் ரெக்கார்டு நோட்டு கிடைத்தது. தவளைப் படத்துக்குக் கீழே ஆசிரியர் கையெழுத்தும் தேதியும். அதைக் காட்டிய பிறகே துறைத் தலைவர் கடிதம் கொடுத்தார். யாரும் ரெக்கார்டு நோட்டைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். சேர்க்கைக் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: வார்டுக்குப் போகுமுன் ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகவும் தொற்றும் கல்லீரல் நோய்) தடுப்பூசிச் சான்று. நான் போட்டதே இல்லை. வழக்கமான முறையில் அது 3 ஊசி. இரண்டாவது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாம் மாதம். அப்புறம் ஒன்றிரண்டு மாதம் விட்டு, ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் வந்திருக்கிறதா என்று சோதனை. அளவு 10-க்குக் கீழே இருந்தால் போதாது. ஆக ஏழெட்டு மாதம். என் கையில் இருந்ததோ மூன்று வாரம்.

அன்றைக்கே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, சீட்டோடு பயிற்சிப் பொறுப்பாளர் அறை வாசலில் போய் நின்றேன். ரத்தம், ஊசி பக்கமே போகமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு சம்மதித்தார். மற்றவர்கள் ரத்தம் எடுக்கப் பழகியபோது நான் படுக்கை விரிப்பு மாற்றினேன், நாடித்துடிப்பு எண்ணினேன். "அக்கா, இன்னிக்கும் பெட்ஷீட்டா?" என்று கூடப் படிக்கும் 19 வயதுப் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மூலை மடிப்பில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை.

சேரும் எண்ணம் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே ஊசியைத் தொடங்கிவிடுங்கள்.

போன வாரம் சோதனை முடிவு வந்தது: 214. நேற்று முதன்முறையாக ரத்தம் எடுத்தேன். முதல் குத்தில் வரவில்லை, இரண்டாவதில் வந்தது.