திருநகரில் வீடு பிடித்த கதை

மதுரையில் வீடு தேடினால் முதல் கேள்வியே “வாடகைக்கா, ஒத்திக்கா?” என்றுதான் வரும். ஒத்தி என்றால் பெரிய தொகையாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையைத் திரும்ப வாங்குவது. கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வீட்டுக்காரர் எப்போதோ செலவழித்திருப்பார். அடுத்த ஒத்திக்காரர் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதுதான். நாங்கள் வாடகை என்றே முடிவு செய்தோம்.

எனக்கு வேலை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். எஸ்.எஸ். காலனி, எல்லிஸ் நகர் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கே.கே. நகர்ப் பக்கம் போனால் தினமும் வைகையைத் தாண்டி வர வேண்டும். சித்திரைத் திருவிழா சமயத்தில் அது நடக்கிற காரியமா? அதனால் தெற்கே, திருநகர்.

அங்கே பஸ் ஸ்டாப்புகளுக்கு நம்பர்தான் அடையாளம். முகவரி கேட்டால் “மூணாவது ஸ்டாப்” என்பார்கள். திருமங்கலம் போகிற பஸ்கள் அந்த வழிதான், பகலில் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் காசு கிடையாது என்பதால் மனைவியின் போக்குவரத்துச் செலவும் மிச்சம். ராத்திரி எப்படி என்று தெரிந்துகொள்ள, சாப்பிட்டபின் ஒருநாள் போய் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். உள்தெருக்கள் அமைதி. முகூர்த்த நாளில் மட்டும் திருப்பரங்குன்றம் கோயில் கல்யாணக் கூட்டத்தில் மெயின் ரோடு திணறும்.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் “சொந்த ஊர் எது?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி ஊரைத் தெரிந்துகொள்ள அல்ல என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

வாடகையைவிட கரண்ட் மீட்டரைத்தான் நான் அதிகம் விசாரித்தேன். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். மாடிக்கும் கீழுக்கும் ஒரே இணைப்பு வைத்து, சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரே வசூலித்தால் அந்தச் சலுகை நம் கைக்கு வராது. தனி மீட்டர் இருந்த வீட்டுக்கு 500 ரூபாய் அதிகம் கேட்டும் அதையே எடுத்தோம்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். “போர் தண்ணி குளிக்க, துவைக்க ஆகும் தம்பி. பருப்பு வேகாது.” மாநகராட்சிக் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்பதையும் அவரே சொன்னார்.

அட்வான்ஸ் பத்து மாத வாடகை கேட்டார்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம்தான் என்கிறது, ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்றும் சேர்த்தே சொல்கிறது. அதனால் சட்டம் பேசி வேலைக்காகாது. எனக்குக் கைகொடுத்தது ஆடி மாதம். அப்போது ஆனி முடிகிற நேரம். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், வீடு ஒரு மாதம் சும்மா கிடக்கும். அதைச் சொன்னதும் ஐந்து மாதத்துக்கு இறங்கி வந்தார்.

புரோக்கருக்கு ஒரு மாத வாடகை போனது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வீட்டுக்காரர் கொஞ்சம் தயங்கினார், அப்புறம் சரி என்றார். காலி செய்யும்போது வெள்ளையடிக்க அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார் என்பதையும் அதிலேயே எழுத வைத்தோம்.