குச்சியை வாயில் கொடுங்கள்

சிறுவர் அறிவியல் நூல்களுக்குத் தொல்லுயிர்களை வரைந்து கொடுப்பது என் தொழில். டைனோசர் படம் கேட்டு வருபவர்களில் பலர் ஒரே கோரிக்கையை வைக்கிறார்கள்: "அறிவாளி டைனோசர் ஒண்ணு வேணும். இறகெல்லாம் இருக்கட்டும். கையில ஒரு குச்சியோ கல்லோ கொடுத்துடுங்க." ஆசையோடுதான் கேட்கிறார்கள். அந்த ஆசை எனக்கும் உண்டு. சிக்கல் அந்தக் கையில்தான்.

நம் முன்கையில் இரண்டு எலும்புகள். அவற்றில் ஒன்று மற்றதன்மேல் உருண்டு குறுக்கே வருவதால்தான் உள்ளங்கையைத் தரையைப் பார்க்கத் திருப்ப முடிகிறது. வெலாசிராப்டர், ஸ்டெனோனிகோசாரஸ் போன்ற டைனோசர்களால் அப்படித் திருப்ப முடியாது. அவற்றின் உள்ளங்கைகள் கைதட்டப் போகிறவரின் கைகள்போல ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. மணிக்கட்டும் பக்கவாட்டில்தான் மடங்கும். இன்றைய பறவை சிறகை மடக்குவதும் அதே மடிப்புத்தான். போதாக்குறைக்கு இறகுகள். மங்கோலியாவில் கிடைத்த வெலாசிராப்டர் முன்கை எலும்பில், நீண்ட இறகுகள் பொருந்தும் முடிச்சுகள் வரிசையாக இருப்பதை 2007இல் கண்டறிந்தார்கள். இந்தக் கூட்டத்தில் இறகு முன்கையோடு நிற்பதில்லை, விரல்வரை வருகிறது. இரண்டு கைகளையும் சேர்த்து எதையாவது நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். ஒரு கையில் குச்சியைப் பிடித்து மரப்பொந்துக்குள் விட்டுத் துழாவ முடியாது.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, எங்களோடு வேலை செய்யும் பெண் கேட்டாள்: "அப்போ கை எதுக்குக்கா?" நல்ல கேள்வி. மங்கோலியாவில் சிட்டிபாட்டி என்ற டைனோசர், வட்டமாக அடுக்கிய முட்டைகளின்மேல் கைகளை விரித்து மூடியபடியே புதைபடிவமாகியிருக்கிறது. அந்தக் கைகளில் இறகைச் சேர்த்து வரைந்து பார்த்தால் முட்டைகள் முழுவதும் மறைந்துவிடுகின்றன. கைக்கு ஒரு வேலை அது.

அறிவுள்ள டைனோசர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கனடாவின் ஒட்டாவா அருங்காட்சியகத்தில் உருவான சிலை. 1982இல் டேல் ரஸ்ஸல் என்ற தொல்லுயிரியலாளரும் ரான் செகான் என்ற சிற்பியும் செய்தது. ஸ்டெனோனிகோசாரஸுக்கு உடலளவோடு ஒப்பிட்டால் மூளை பெரிது, கண்கள் பெரியவை, ஓரளவு முன்னோக்கியவை. இந்த இனம் அழியாமல் பரிணமித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரஸ்ஸல் யோசித்தார். வந்து நின்றது, வாலில்லாமல் நிமிர்ந்து நிற்கும், இறகே இல்லாத, பச்சைத் தோல் போர்த்திய ஒரு மனித உருவம். இறகுள்ள டைனோசர்கள் சீனாவின் லியாவ்னிங்கிலிருந்து வரத்தொடங்கியது 1996இல்தான். அதற்கு முந்தைய சிற்பியிடம் இறகு எங்கே என்று கேட்பது நியாயமில்லை. ஆனால் அந்த நிமிர்ந்த முதுகுக்கு எலும்பில் ஆதாரம் எதுவும் இல்லை. அறிவு வளர்ந்தால் உடம்பும் நம்மைப்போல் ஆகித்தான் தீரும் என்ற எண்ணம் மட்டுமே அதைத் தாங்கி நிற்கிறது. பிற்காலத்தில் சி. எம். கோஸ்மன், சைமன் ராய் என்ற இரு ஓவியர்கள் அதே கேள்வியை வேறுவிதமாக அணுகினார்கள். அவர்கள் கற்பனை செய்த உயிரி இறகோடு, கிடைமட்ட முதுகோடு, வாயாலேயே கருவிகளைக் கையாள்கிறது. ஸ்டெனோனிகோசாரஸை அதன் உடம்போடு ஏற்றுக்கொண்ட கற்பனை அது. என்னுடைய வேலைக்கு வழி காட்டியதும் அதுதான்.

ஆகவே இப்போது படம் கேட்பவர்களிடம், குச்சியை வாயில் கொடுங்கள் என்று சொல்கிறேன். உயிரோடிருக்கும் ரெஃபரன்ஸ் நிறைய உண்டு. நியூ கலிடோனியாத் தீவின் காகங்கள் கிளையை ஒடித்து, நுனியைக் கொக்கியாக்கி, பட்டைக்குள் ஒளிந்திருக்கும் புழுவை எடுக்கின்றன. தாழை இலையின் ஓரத்தைக் கிழித்தும் கருவி செய்கின்றன. 1996இல் கேவின் ஹன்ட் எழுதிய ஆய்வுக்குப் பிறகு உலகம் முழுக்க இவற்றைக் கவனித்தது. 2002இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெட்டி என்ற காகம் நேரான கம்பியை வளைத்து, குழாய்க்குள் இருந்த சிறு வாளியைத் தூக்கி எடுத்தது. காட்டிலிருக்கும் அதே இனக் காகங்களும் குச்சியை வளைப்பதைப் பின்னர் கண்டார்கள். பெட்டி அந்த நொடியில் புதிதாகக் கண்டுபிடித்ததா, உடம்பில் ஊறியிருந்த பழக்கமா என்ற கேள்வி அதனால் எழுந்தது. படம் வரைபவருக்கு இந்தக் கேள்வி முக்கியம். முகத்தில் எதை வரைவது என்பதே அதைப் பொறுத்தது.

இந்தக் காகங்களைப் பற்றிய 2012ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மற்ற காகங்களைவிட இவற்றின் அலகு நேரானது. இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் பரப்பும் மிக அகலம். அலகில் பிடித்த குச்சியின் நுனி கண்ணுக்குத் தெரிகிறது. அதாவது, கருவியைக் கையாள மண்டையோட்டின் அமைப்பே துணைசெய்ய வேண்டும். ஸ்டெனோனிகோசாரஸில் இதைப் பொருத்திப் பார்த்தால் கண்கள் சாதகமாகத்தான் இருக்கின்றன. முகவாய் நீளம், ஒடுக்கம். குச்சியின் நுனி கண்ணுக்கு எட்டும். வாய்க்குள்தான் பிரச்சினை. அலகு இல்லை, வரிசையாகப் பற்கள். காகமும் கிளியும் பிடித்ததை நாக்கால் நகர்த்திச் சரிசெய்துகொள்ளும். பெரும்பாலான டைனோசர்களின் நாக்கு முதலையுடையதுபோல வாயின் அடித்தளத்தோடு ஒட்டியிருந்திருக்கும் என்று நாவடி எலும்புகளை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அப்படியானால் குச்சியை வாய்க்குள் திருப்ப முடியாது. கீழே வைக்க வேண்டும், காலால் அழுத்த வேண்டும், மறுபடி கவ்வ வேண்டும். என் ஸ்கெட்ச்களில் கால் பெரிதாக இடம்பிடிக்கத் தொடங்கியது இதனால்தான்.

முதலை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். டைனோசரின் நடத்தையை ஊகிக்க ஆய்வாளர்கள் ஒருபுறம் பறவையையும் மறுபுறம் முதலையையும் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் இருப்பது இடையில் இருந்த டைனோசருக்கும் இருந்திருக்கலாம் என்பது கணக்கு. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலி முதலைப் பண்ணையில், கொக்குகள் கூடுகட்டும் மரங்களின் அடியில், சதுப்புநில முதலைகள் மூக்கின்மேல் சுள்ளிகளைத் தாங்கியபடி அசையாமல் கிடந்ததை விளாதிமிர் டினெட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2013இல் எழுதினார்கள். சுள்ளி தேடும் கொக்குக்கு அது தூண்டில் என்பது அவர்கள் கருத்து. பின்னர் அமெரிக்க அலிகேட்டர்களிடம் இதைச் சோதித்தவர்களுக்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. முதலையும் கருவி பிடிக்கிறது, எனவே டைனோசரும் பிடித்திருக்கும் என்று படத்தின் கீழே எழுத எனக்கு மனம் வருவதில்லை. நம்ம ஊர் முதலை என்பதற்காகக் கூடுதல் நம்பிக்கை வைத்துவிட முடியாது.

கல் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்கிறேன். மஞ்சள்முகப் பாறு தன் அலகில் கல்லை எடுத்து நெருப்புக்கோழி முட்டையின்மேல் எறிந்து உடைப்பதை 1966இல் ஜேன் குடாலும் ஹியூகோ வான் லாவிக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து எழுதினார்கள். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் சோறுண்ண வந்த கழுகுகள் இதே இனம்தான். பார்த்தவர்களுக்கு அது பேரறிவாகத் தோன்றும். ஆனால் மனிதரிடம் வளர்ந்த, வேறு பாறுகள் கல்லெறிவதைப் பார்த்தேயிராத பறவைகளும், முட்டைக்குள் உணவு உண்டு என்று தெரிந்துகொண்டதும் கல்லை எடுத்தன. கருவியைப் பயன்படுத்துவதும் அறிவும் ஒன்றல்ல என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது இதைப் படித்த பிறகுதான். கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஸ்டெனோனிகோசாரஸ் வாழ்ந்த காலத்தையொட்டியே ஹைபாக்ரோசாரஸ் என்ற தாவரம் தின்னும் டைனோசரின் கூடுகளும் கிடைத்திருக்கின்றன. ஒரு முட்டை, ஒரு கல், ஒரு ஸ்டெனோனிகோசாரஸ் என்று வரைந்தால் படம் அழகாக வரும். அதை 'அறிவு' என்ற தலைப்பின்கீழ் போட மாட்டேன்.

மூளையின் அளவிலிருந்து நேராக அறிவுக்குத் தாவுவதிலும் இதே ஆபத்துதான். காகம், கிளி ஆகியவற்றின் சிறு மூளைக்குள் நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அடைந்திருப்பதை 2016இல் எண்ணிக் காட்டினார்கள். அந்தக் கணக்கை வைத்து, டைரனோசாரஸுக்குப் பபூன் குரங்கின் அளவுக்கு நரம்பணுக்கள் இருந்திருக்கும் என்று 2023இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கணிப்பு மிகை என்று 2024இல் பல துறையினர் சேர்ந்து மறுத்தார்கள். இந்த விவாதம் நடந்த நாட்களில் எனக்கு வந்த அழைப்புகள் எல்லாமே கல் தூக்கும் டைரனோசாரஸ் கேட்டவை.

கடைசியில் நான் எதை வரைந்தேன்? சுமார் 7.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆற்றங்கரை. உளுத்த மரத்துண்டு ஒன்றை ஸ்டெனோனிகோசாரஸ் இடது காலால் அழுத்திப் பிடித்திருக்கிறது. அரிவாள் நகமுள்ள இரண்டாம் விரல் மட்டும் மேலே தூக்கியிருக்கிறது. கைகள் மடிந்து இறகுக்குள் கிடக்கின்றன. வாயில் பக்கவாட்டில் ஒரு குச்சி, அதன் நுனி பொந்தின் விளிம்பில். தலையை ஒருபுறம் சாய்த்திருக்கிறது. பின்னால் பாதி வளர்ந்த குஞ்சு ஒன்று, வேறொரு குச்சியைத் தவறான முனையில் கவ்வி நிற்கிறது. அந்தக் குஞ்சை வரையத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது. நியூ கலிடோனியாக் காகக் குஞ்சுகள் நீண்ட காலம் பெற்றோரோடு திரிந்து, சொதப்பிச் சொதப்பித்தான் கருவியில் தேர்ச்சி பெறுகின்றன. அந்தச் சொதப்பலில் எனக்கு அறிவு தெரிகிறது. வெற்றிகரமாகப் புழுவை எடுக்கும் வாயைவிட அதிகமாகத் தெரிகிறது.

பதிப்பாசிரியர் ரஃபைப் பார்த்துவிட்டு, "குஞ்சு எதுக்குங்க, இடத்தை அடைக்குதே?" என்றார். காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப அது இருக்கட்டும், பின்னாடி இருக்கிற மரத்தைக் குறைச்சுடுங்க" என்றார்.

படத்தோடு ஒரு தாளும் கொடுத்தேன். காலின் அமைப்பு, மடிந்த மணிக்கட்டு: எலும்பிலிருந்து. உடல் இறகு: இந்த இனத்தில் நேரடியாகக் கிடைக்கவில்லை, நெருங்கிய உறவான ஆங்கியோர்னிஸ் என்ற இறகுள்ள சிறு டைனோசர் போன்றவற்றிலிருந்து. குச்சியும் குஞ்சும்: காகத்திடமிருந்து கடன் வாங்கியவை, புதைபடிவ ஆதாரம் கிடையாது. பக்கத்தில் இடமில்லை என்றார்கள். மரத்தைக் குறைத்ததில் கிடைத்த இடத்தில் சிறிய எழுத்தில் மூன்று வரிகளாக அது அச்சாகியிருக்கிறது.