தகரக் கூரைக்குக் கீழே

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரையில் மாரி பிடித்துவிட்டால் எங்கள் முன்பள்ளி முற்றம் எங்களுக்கு இல்லை. ஊஞ்சலின் கீழே தண்ணீர் தேங்கும், மணற்குழியில் தவளை குடியேறும். ஐப்பசிக் கடைசியிலிருந்து தை பாதி வரைக்கும் இருபதுக்குப் பதினைந்து அடி அறை ஒன்றுதான் மிஞ்சும். அதற்குள் மூன்று வயது முதல் ஐந்து வயது வரையான 23 பிள்ளைகள், நான், உதவி ஆசிரியை, ஓர் அலுமாரி, வாசலோரம் சொட்டிக்கொண்டிருக்கும் குடைகள்.

இடம் போதாது என்பதுதான் தொல்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் தொல்லை தலைக்கு மேலே இருந்தது. எங்கள் கூரை தகரம். மழை அடித்துப் பெய்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. கத்திக் கத்தி என் முதல் மாரியில் தொண்டை கட்டிப்போய், வீட்டில் சைகையால் தேநீர் கேட்டுக் குடித்தேன்.

அந்த ஆண்டு நான் முதலில் எடுத்தது சங்கீதக் கதிரை. பயிற்சி வகுப்பில் உள்ளக விளையாட்டு என்று எழுதச் சொன்னால் எல்லாரும் முதலில் எழுதுவது அதைத்தான். கதிரைகளை வட்டமாகப் போட்டேன், கைபேசியில் பாட்டைப் போட்டேன். மழை பாட்டை விழுங்கிவிட்டது. பாட்டு நின்றதா ஓடுகிறதா என்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் உட்கார்ந்தார்கள், சிலர் சுற்றிக்கொண்டே இருந்தார்கள், ஒரே கதிரையில் இரண்டு பேர் ஏறி ஒருவர் விழுந்தார். நான் ஒவ்வொருவராக வெளியே இருத்தினேன். ஐந்து நிமிடத்தில் சுவரோரம் பத்துப் பிள்ளைகள். அவர்களில் முதலில் வெளியே வந்தவள் வகுப்பிலேயே சின்னவள்; அன்றுதான் முதல் முறையாக அழாமல் வந்திருந்தாள். அன்று மத்தியானம் வரை அவள் விளையாடவில்லை. விளையாடப் பழகாத பிள்ளையை முதலில் வெளியேற்றி, நன்றாக விளையாடத் தெரிந்தவனை கடைசிவரை விளையாட விடுகிற ஓர் ஆட்டத்தை யார் சின்னப் பிள்ளைகளுக்கு என்று வைத்தார்களோ தெரியவில்லை. அதற்குப் பிறகு அதை நான் தொட்டதில்லை.

மறுநாளும் மழை. என்ன செய்வதென்று தெரியாமல், மேசை துடைக்கிற சிவப்புத் துணியைக் கையில் எடுத்து உயர்த்தினேன். பேசாமல், சிலைபோல நின்று காட்டினேன். துணியை இறக்கிவிட்டு நடந்தேன். இரண்டு தடவைதான். மூன்றாம் தடவை துணி உயர்ந்தபோது அறை முழுக்கச் சிலைகள். ஒருவன் ஒற்றைக் காலில் நின்று ஆடினான், ஒருத்தி மூச்சையும் பிடித்துக்கொண்டாள். துணியை மெல்ல அசைத்தால் ஆமை நடை, சுழற்றினால் தும்பி. யாரும் யாரையும் வெல்லவில்லை. அசைந்த பிள்ளைக்குத் தண்டனையும் இல்லை. சிரித்துவிட்டு அடுத்த சிலையாக நிற்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் உடம்பை நினைத்த இடத்தில் நிறுத்துவது மூன்று வயதுக்கு லேசான காரியம் இல்லை. கால் நின்றாலும் கை நிற்காது. நான்கரை வயதில் அது வந்துவிடும். வந்ததும் விதியைத் தலைகீழாக்குவேன்: துணி உயர்ந்தால் நடக்க வேண்டும், இறங்கினால் நிற்க வேண்டும். பழகிப்போன காலை மடக்கிப் புது விதிக்குத் திருப்புகிற அந்த ஒரு நொடித் தடுமாற்றத்தைப் பார்க்க வேண்டும். "எழுத்து எப்போது தொடங்குவீர்கள்?" என்று வாசலில் நின்று கேட்கும் அம்மாக்களிடம் இதைத்தான் காட்டுவேன். ஐந்து வயது நிறைந்து தரம் 1க்குப் போகும் பிள்ளைக்கு எழுத்தை அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். சொல்லிக்கொடுக்கும்போது இருந்து கேட்கிற அடக்கத்தை இங்கேயே கொடுத்து அனுப்ப வேண்டும். சில அம்மாக்கள் ஒப்புக்கொள்வார்கள். சிலர் அடுத்த நாளே நான்கு கோட்டுக் கொப்பி வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள்.

துணிக்குப் பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன. பழைய நூல் சாறி ஒன்றைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நின்று விளிம்பைப் பிடிப்பார்கள். நடுவில் கடதாசிப் பந்து. எல்லாரும் ஒன்றாக உயர்த்தினால்தான் பந்து எழும்பும். ஒருவர் அவசரப்பட்டால் அவர் பக்கம் உருண்டு விழும். இதை வாயால் விளங்கப்படுத்தினால் பத்து நிமிடம் போகும். சாறியே இரண்டு நிமிடத்தில் விளங்கப்படுத்திவிடும். வட்டமாக இருந்து கைகோர்த்து, ஒருவர் கையை நெரிக்க அது அடுத்தவருக்குப் போய்ச் சுற்றி வருகிற ஆட்டம் ஆறேழு பேருக்கு மேல் சரிவராது. சின்னவர்கள் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் நெரித்துவிடுவார்கள். ஒரு பக்கம் போக வேண்டியது இரண்டு பக்கமும் ஓடி ஒருவர் மடியில் மோதும். அந்தச் சிரிப்பு மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

பிழையும் விட்டிருக்கிறேன். மறைத்த கையில் எத்தனை புளியங்கொட்டை என்று ஊகிக்கிற ஆட்டம் ஒன்று வைத்திருந்தேன். எங்கள் அம்மம்மா வீட்டுத் திண்ணையில் நான் விளையாடி வளர்ந்தது. ஒரு நாள் கணக்கில் ஒரு கொட்டை குறைந்தது. அது மூன்று வயதுக்காரன் ஒருவனின் மூக்கில் இருந்தது. வைத்தியசாலையில் எடுத்துவிட்டார்கள்; அவன் வரும் வழியிலேயே தூங்கிப்போனான். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அன்றோடு கொட்டை போய்ச் சிரட்டை வந்தது. நன்றாகத் தேய்த்த சிரட்டை எந்த மூக்கிலும் போகாது. இரண்டைத் தட்டினால் தகரச் சத்தத்துக்குள்ளும் தனியாகக் கேட்கும். நான் இரண்டு தட்டுத் தட்ட அவர்களும் இரண்டு தட்டுவார்கள். பிறகு தட்டுகிற வேலையையும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. வெயில் நாட்களில் நான் ஓயாமல் பேசுகிறவள். "இப்போது ஓடுங்கள், நில்லுங்கள், அவனைத் தள்ளாதே, இங்கே பார்." பிள்ளைகள் விளையாட்டைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை அந்த வாயை அடைத்த பிறகுதான் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். இப்போது பங்குனி வெயிலிலும் வேண்டுமென்றே வாயை மூடிக்கொள்கிற நாட்கள் உண்டு. பேச்சுக்காரிக்கு அது எவ்வளவு கடினம் என்று என் வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள்.

பிள்ளைகள் எப்படியெல்லாம் விளையாடுகிறார்கள் என்று மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் எழுதியதைப் பயிற்சி வகுப்பில் பாடமாக்கியிருந்தேன்: சும்மா இருத்தல், தனியே விளையாடுதல், பார்த்திருத்தல், பக்கத்துப் பக்கத்தில் விளையாடுதல், சேர்ந்து விளையாடுதல், ஒத்துழைத்து விளையாடுதல். வரிசை பிசகாமல் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். 'பார்த்திருத்தல்' என்ற சொல்லுக்கு முகம் கிடைத்தது தகரக் கூரையின் கீழேதான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் மூன்று வாரம் நின்றான். முன்பென்றால் கையைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்திருப்பேன். விட்டுவிட்டேன். நான்காம் வாரத்தில் வட்டத்துக்குள் வந்தானா என்று கேட்காதீர்கள், வரவில்லை. ஜன்னலில் நின்றபடியே துணி உயர்ந்தபோது அவனும் சிலையானான். எனக்கு அது போதும்.

இவ்வளவும் செய்துவிட்டு மாரியின் பாதியை நாங்களே தொலைக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பள்ளி முடித்துப் போகும் பிள்ளைகளின் விடுகை விழாவுக்கு ஒத்திகை. கண்ணுக்கு மையும் கன்னத்துக்குச் சிவப்பும் பூசி, விளங்காத பாட்டுக்கு வரிசையில் நின்று கையசைக்க நான்கு வயதை நாலு வாரம் பழக்குகிறோம். பெற்றோருக்கு ஒரு படம் கிடைக்கும். எனக்கும் அந்த மேடையில் பெருமை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

2024 கார்த்திகை வெள்ளத்தில் பத்து நாள் பூட்டிக் கிடந்து திறந்தோம். பல பிள்ளைகள் பாடசாலைக் கட்டடங்களில் படுத்தெழும்பி வந்திருந்தார்கள். அந்த வாரம் பன்பாய்களை விரித்தபோது, நான் ஒன்றும் தொடங்கும் முன்பே ஒருத்தி "வெள்ளம்!" என்றாள். எல்லாரும் பாயில் ஏறிவிட்டார்கள். சீமெந்துத் தரை தண்ணீராகிவிட்டது. நான் பாயை ஒரு மடிப்பு மடித்தேன், நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இன்னொரு மடிப்பு. ஒருவர் இடுப்பை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். யாரும் விழக்கூடாது, விழுந்தால் மற்றவர்கள் இழுத்து ஏற்ற வேண்டும் என்று அவர்களே விதி வைத்தார்கள்.

அப்போது ஜன்னல் பையன் ஓடி வந்தான். ஏறவில்லை. பாய் ஓரத்தில் நின்று, "ஆடு ஏறவில்லை" என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. ஏழு பேர் நின்ற அந்தக் கால் பாயில் எப்படியோ ஒதுங்கி ஒரு முழம் இடம் எடுத்தார்கள். அவன் கயிற்றைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டுத் தானும் ஏறினான். பிறகு யாரோ என் சாறியைப் பிடித்து இழுத்தார்கள். ரீச்சர் தண்ணீருக்குள் நிற்கிறாவாம். ஒரு காலை மட்டும் வைக்க இடம் கிடைத்தது. ஆட்டுக்கு விட்ட இடத்தில் யாரும் கால் வைக்கவில்லை.