மதுரை வெயிலில் கார் பாகங்களைக் கழுவுதல்: இதுவரை செய்து பார்த்தவை

திருநகர் வீட்டில் ஒரு பழைய மாருதி 800 காரின் எஞ்சினைப் பிரித்து, பாகம் பாகமாகச் சுத்தம் செய்து வருகிறேன். பட்டறைகளில் செய்வதுபோல் பெட்ரோல் ஊற்றித் தேய்த்தால் பிசுக்கு உடனே கரைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும் ஒன்றை, சமையலறையில் அடுப்பு எரியும் வீட்டில் திறந்து வைப்பது வினையை விலைக்கு வாங்குவதாகும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், மேலெழுந்து கலையாமல் தரையோடு படர்ந்து அடுத்த அறைவரை செல்லும்.

மண்ணெண்ணெயின் தீப்பற்றுநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 38 டிகிரி. கேட்பதற்கு நல்ல எண்தான். ஆனால் அக்கினி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், நண்பகலில் மொட்டை மாடியில் வைத்த மண்ணெண்ணெய்த் தட்டையும் நம்புவதற்கில்லை. ஆகையால் அதை வெயில் ஏறுவதற்கு முன், திறந்த வெளியில், இரும்புத் தட்டில் மட்டுமே பயன்படுத்துகிறேன். சாதாரண லேடெக்ஸ் கையுறை மண்ணெண்ணெயில் உப்பித் தளர்ந்துவிடும். நைட்ரைல் கையுறைதான் தாங்குகிறது.

உண்மையில், மண்ணெண்ணெய்க்கு வேலையே குறைவு. கெட்டிப்பட்ட கிரீஸை மரச் சில்லால் வழித்தெடுத்துவிட்டு, பாத்திரம் விளக்கும் திரவ சோப்பைச் சுடுநீரில் கலந்து பிரஷ்ஷால் தேய்த்ததில், ஆயில் சம்ப்பின் (எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி) வெளிப்புறம் முழுவதும் வெளுத்துவிட்டது. போல்ட் துளைகளைச் சுற்றி, தார்போல் இறுகியிருந்த கறுப்பு வளையங்கள் மட்டுமே மண்ணெண்ணெயில் ஊற வேண்டியிருந்தன. இரும்புப் பாகத்தைத் தண்ணீரில் கழுவினால் உடனே துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசிவிட வேண்டும். காபி குடித்துவிட்டு வருவதற்குள் செந்துரு படரத் தொடங்கிவிடும்.

எஞ்சினின் மேல்மூடியான அலுமினிய ஹெட்டுக்கு காஸ்டிக் சோடா கூடவே கூடாது. அது உலோகத்தை அரிப்பதோடு, எரியக்கூடிய ஹைட்ரஜனையும் வெளிவிடும். சலவைச் சோடாவும் அலுமினியத்தைக் கறுக்கச் செய்யும் என்பதால் அதற்குச் சோப்புநீரோடு நிறுத்திக்கொண்டேன்.

பிரேக் பாகங்களின் கதை வேறு. சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர்களில் மண்ணெண்ணெயோ டீசலோ பட்டால் அவை ஊதிப்போகும். பிரேக் பிடிக்காமல் போவதற்கு அதுவே போதும். அவற்றைப் புதிய பிரேக் ஆயிலால் மட்டுமே கழுவினேன். ஸ்பிரே வடிவில் வரும் பிரேக் கிளீனரை வாங்குவோர், அதில் குளோரின் சேர்ந்த கரைப்பான் உள்ளதா என்று டப்பாவைப் பார்த்துக்கொள்வது நல்லது. அத்தகையது பட்ட இடத்தில் வெல்டிங் வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகக்கூடும்.

அழுக்கான மண்ணெண்ணெயை மூடியிட்ட தகர டப்பாவில் அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கிவிடுகிறது. தெளிந்ததை இறுத்து அடுத்த பாகத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். கசடைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய எஞ்சின் ஆயிலோடு சேர்த்துவைத்திருக்கிறேன். இனி கார்புரேட்டர் பாக்கி.