எதுக்களிப்பு அறுவை சிகிச்சையும் விழுங்கும் தசையும்

இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் மேலேறும் எதுக்களிப்புக்காக என் அண்ணன் புதுச்சேரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். கடலூர் வீட்டுக்கு அவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தையல் ஆறிவிட்டதா என்றே கேட்கிறார்கள். லேப்ராஸ்கோப்பித் துளைகள் எளிதில் ஆறிவிடும். தேறுவதில் பெரும்பங்கு உணவுக்குழாயின் தசைக்கு உண்டு என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

இந்தச் சிகிச்சையில் இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் கீழ்முனையைச் சுற்றி மடித்துத் தைக்கிறார்கள். 1950களில் அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸன் வகுத்த முறையில் அது 360 பாகை முழுவளையம். இன்று டூப்பே முறை எனப்படுவதில் பின்புறமாக ஏறத்தாழ 270 பாகை. அமிலம் மேலேறாமல் தடுக்கும் அதே இறுக்கத்தைத் தாண்டித்தான் உணவும் கீழே இறங்கியாக வேண்டும் என்பதால், குழாயின் தசை அலையலையாகச் சுருங்கிக் கவளத்தைத் தள்ளும் வலிமை முக்கியமாகிறது.

அந்த வலிமையை அறுவைக்கு முன் அளக்கும் சோதனை மானோமெட்ரி. எண்டோஸ்கோப்பி எடுத்த பிறகு மூக்கு வழியாக இன்னொரு குழாயா என்று அண்ணன் சலித்துக்கொண்டார். எண்டோஸ்கோப்பி புண்ணைக் காட்டும், அழுத்தத்தைக் காட்டாது. படுத்த நிலையில் 5 மில்லி தண்ணீரைப் பத்து முறை விழுங்கச் செய்தார்கள். ஒவ்வொரு மடக்குக்கும் திரையில் அழுத்தத்தைக் காட்டும் வண்ணப்பட்டை ஒன்று சரிந்து இறங்கியது, சிலவற்றில் நடுவே அறுந்தது. 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட விழுங்கல்கள் வலுவற்றிருந்தாலோ, பாதியேனும் முற்றிலும் தவறினாலோ, அதைச் செயல்திறன் குன்றிய இயக்கம் என்கிறது உணவுக்குழாய் இயக்கக் கோளாறுகளை வகைப்படுத்தும் 2021ஆம் ஆண்டின் சிகாகோ வகைப்பாடு. நெஞ்செரிச்சல் போலவே தோன்றக்கூடிய அக்கலேசியா என்னும் நோயில் உணவுக்குழாயின் கீழ்ச்சுருக்குத்தசை சரியாகத் திறக்காது. அது தெரியாமல் முழுவளையம் தைத்தால் விழுங்குவதே முடங்கிவிடும். இதற்காகவாவது இச்சோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பேன்.

பிறகு 2 மில்லி வீதம் ஐந்து முறை அடுத்தடுத்து விழுங்கச் செய்தார்கள். இறுதியில் எழும் சுருக்கம் வலுத்தால், தேவைப்படும்போது கூடுதலாகச் சுருங்கும் இருப்புவலு தசையில் உண்டு என்று பொருள். அண்ணனுக்கு அது வலுத்தே வந்தது. ஆயினும் தனித்தனி விழுங்கல்கள் தளர்ந்திருந்ததால் மருத்துவர் பகுதிச்சுற்றையே தேர்ந்தார்.

தசை தளர்ந்த எல்லோருக்கும் உணவு சிக்கும் என்பதில்லை. நல்ல தசை உள்ளவருக்கும் முதல் சில வாரங்கள் வீக்கத்தால் சிக்கலாம். அண்ணி முதலில் கஞ்சியும், பின்னர் குழைந்த மோர்ச்சோறும் கொடுத்தார். ரொட்டி, பரோட்டா, கோழிக்கறி, சோடா ஆகியவற்றை மருத்துவர் விலக்கச் சொன்னார். ஏப்பம் எளிதில் வெளியேறாததால் சோடா குடித்தால் வயிறு உப்பும். மூன்று மாதங்களுக்குப் பின்னும் சிக்கினால் பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே படமும் மீண்டும் எண்டோஸ்கோப்பியும் தேவைப்படலாம் என்றார். அண்ணனுக்கு அந்த நிலை வரவில்லை. முள் நீக்கிய மீனை நன்றாக மென்று சாப்பிடுகிறார், பரோட்டாவை மட்டும் இன்னும் தொடவில்லை.