ஊர்வலத்துக்கு முந்தைய நாட்கள்

செப்டம்பர் 11

தண்டையார்பேட்டையில் பிள்ளையார் சிலையின் கையை உடைத்துவிட்டார்கள் என்று ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பேசுபவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

செப்டம்பர் 12

நிருபர் என்ற முறையில் நேரில் போய்ப் பார்த்தேன். துதிக்கையும் நான்கு கைகளும் முழுதாக இருக்கின்றன. பந்தலில் கட்டிய வாழைமரம் ஒன்று சாய்ந்திருந்தது. ஷேர் ஆட்டோவின் பக்கக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. வண்டியைத் திருப்பும்போது பந்தல்கால் இடித்து, வாய்த்தகராறு முற்றியிருக்கிறது. ஓட்டியவரும் பந்தல் போட்டவரும் வெவ்வேறு மதத்தினர் என்பதைத் தவிர இதில் மதம் எங்கே இருக்கிறது?

பதற்றத்தைத் தூண்டக்கூடுமெனில் சமூகங்களின் பெயரைத் தவிர்க்க வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறை. அதை மனதார ஏற்கிறேன். ஆனால் ‘இரு தரப்பினரிடையே மோதல்’ என்று எழுதி நிறுத்திக்கொண்டால், எந்த இரு தரப்பு, எதற்காக என்பதையெல்லாம் அந்தக் குரல் பதிவே சொல்லிக்கொள்ளும். பெயரை விடலாம், காரணத்தை விடவே கூடாது. கண்ணாடியையும் வாழைமரத்தையும் சிலைக்குச் சேதமில்லை என்பதையும் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 13

காரணம் சொன்ன பத்தியை இடமில்லை என்று வெட்டிவிட்டார்கள். ஆத்திரம் அடங்கவில்லை. சிலையின் படத்தை அதே குழுக்களில் நானே போட்டேன்.

செப்டம்பர் 14

2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் போலிக் காணொளிகள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரிக்க நேர்ந்தது. ‘இது எங்கள் ஊரே இல்லை’ என்று உள்ளூர் நிருபர் உடனே சொல்வதற்கு எவ்வளவு வலு உண்டு என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

1994இல் ருவாண்டாவில் ஹூட்டு, டுட்சி என்ற இரு இனங்களுக்கிடையே பகை மூண்டபோது, ஒரு வானொலியே டுட்சி மக்களைக் கொல்லத் தூண்டியது. அதே இரு இனங்கள் வாழும் பக்கத்து நாடான புருண்டியில் மறு ஆண்டு தொடங்கிய ஸ்டூடியோ இஜாம்போ என்ற வானொலித் தயாரிப்பு நிலையத்தில், ஹூட்டு நிருபரும் டுட்சி நிருபரும் சேர்ந்தே செய்தி சேகரிக்கப் போனார்கள். ஒருவருக்குச் சொல்லத் தயங்குவதை மக்கள் மற்றவரிடம் சொல்வார்கள் அல்லவா? மண்ணடி நிருபர் நண்பரிடம் இதைச் சொன்னேன். நாளை சேர்ந்தே நிற்போம் என்றார்.

செப்டம்பர் 15

சிலைகள் காசிமேட்டை நோக்கி நகரத் தொடங்கிவிட்டன. புதிய குரல் பதிவு ஒன்று வந்திருக்கிறது. கல்வீச்சு என்கிறது, தெருப்பெயரையும் சொல்கிறது. அந்தத் தெருமுனையில்தான் அரை மணி நேரமாக நாங்கள் இருவரும் நிற்கிறோம். ஒரு கல்கூட விழவில்லை. அவர் காணொளி எடுக்கிறார். நான் காவல் ஆய்வாளரைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்கிறேன்.