தனுஷ்கோடியில் பாதி வானத்தை வெட்டி எறியுங்கள்

கேமராவோடு தனுஷ்கோடிக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதல் தகவல்: அந்த ஊருக்குக் கேமராவின் வழக்கமான 3:2 சட்டகம் (அகலம் 3, உயரம் 2) ஒத்தே வராது. மலை இல்லை, மேடு இல்லை. மணல், தண்ணீர், வானம் என மூன்று பட்டைகள்தான். வைட் லென்ஸில் அப்படியே எடுத்தால் வெளுத்த வானமே படத்தைத் தின்றுவிடும்.

24 மெகாபிக்சல் கேமராவில் படம் 6000 x 4000. 2:1 ஆக வெட்டினால் 6000 x 3000, அதாவது 18 மெகாபிக்சல் மிஞ்சும். 3:1 வரை போனாலும் 6000 x 2000 இருக்கிறது. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) 20 அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போடலாம். அதனால் தாராளமாக வெட்டுங்கள். ஆனால் எங்கே வெட்டப்போகிறோம் என்பதை அங்கேயே முடிவு செய்ய வேண்டும். பல மிரர்லெஸ் கேமராக்களில் 16:9 வைத்துக்கொண்டால் திரையில் வெட்டிய சட்டகம் தெரியும், ரா ஃபைலில் (கேமரா சேமிக்கும் பதப்படுத்தாத மூலப்படம்) முழுப்படமும் பத்திரமாக இருக்கும்.

ராமேஸ்வரத்திலிருந்து ஆட்டோவில் போனால் காத்திருப்பு நேரத்தையும் சேர்த்துப் பேசிவிட்டு ஏறுங்கள். போக வர ஒரு தொகை சொல்லிவிட்டு, சாலை முடியும் அரிச்சல்முனையில் அரை மணி தாண்டியதும் வெயிட்டிங் கேட்பது அநியாயம். படம் எடுக்கிறவருக்கு அரை மணி எதற்குப் போதும்? மூன்று மணி நேரம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் செலவு பாதி.

1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயம்தான் இங்கே எல்லோரும் எடுப்பது. எல்லோரும் கெடுப்பதும் அதைத்தான். பக்கத்தில் நின்று கேமராவை மேலே தூக்கினால் பவளக்கல் சுவர்கள் உள்நோக்கிச் சாயும். மென்பொருளில் நிமிர்த்தலாம், ஆனால் மேல்பகுதி இழுபட்டு, ஓரங்கள் பறிபோகும். அதற்குப் பதிலாகக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மட்டம் பார்த்து, துளிகூடச் சாய்க்காமல் எடுங்கள். கீழே நிறைய மணல் வரும், வரட்டும். 4000 x 6000 படத்தில் கீழே 1000 பிக்சலை வெட்டினால் 4000 x 5000, கச்சிதமான 4:5. சுவரும் நேராக நிற்கும்.

சங்கு விற்கும் கடைகளின் கூரை சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் வெட்டி நீக்க முடியாது. இரண்டடி தள்ளி நில்லுங்கள், இல்லையென்றால் முழங்காலிடுங்கள். சுவரே கூரையை மறைத்துவிடும். ஓரத்தில் இருப்பதைத்தான் வெட்டலாம். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து நிற்பதைப் பிரிக்கக் கால்தான் நகர வேண்டும்.

இங்கே வேறு எதையும்விட அதிகமாகப் படத்தைக் கெடுப்பது சாய்ந்த தொடுவானம். 2 டிகிரி சாய்வை நிமிர்த்தினாலே ஏறக்குறைய 10 சதவீதப் பிக்சல் போய்விடும். ஓரத்தில் நிற்கும் படகின் மூக்கும் கூடவே போகும். நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். வைட் லென்ஸில் தொடுவானத்தை மேலே வைத்தால் கடல் வில்லாக வளையும். மென்பொருளில் லென்ஸின் வளைவைத் திருத்தும் லென்ஸ் பிரொஃபைலை முதலில் போட்டுவிட்டுப் பிறகு வெட்டுங்கள். வெட்டி ஜேபெக்காகச் சேமித்த பிறகு போட்டால் மையம் தவறி, வளைவு சரியாகாது.

ஆண் கடல் (அலை அதிகமுள்ள மன்னார் வளைகுடா) பக்கம் காற்று அடித்தால் பத்தே நிமிடத்தில் லென்ஸில் உப்பு படியும். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கோடு விழும். முதலில் புளோயரால் ஊதி, பிறகு லேசாக ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

பசித்தால் குடிசைக் கடைகளில் சுடச்சுட மீன் வறுவல். அபார ருசி! மீனைக் காட்டி விலை கேட்டுவிட்டு வறுக்கச் சொல்லுங்கள்.

சூரிய அஸ்தமனத்துக்கு அரிச்சல்முனையை நம்ப வேண்டாம். மாலையானால் போலீஸ் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள். திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் இறங்குங்கள். குளிர்காலம் முடியும் நேரத்தில் அங்கே தேங்கிய நீரில் பூநாரைகள் நிற்கும். பெரிய டெலி லென்ஸ் வாடகைக்கு எடுக்கக் காசு இல்லையென்றால், 200 மிமீ லென்ஸில் எடுத்து அகலம், உயரம் இரண்டையும் பாதியாக வெட்டினால் 400 மிமீயில் எடுத்த அதே கோணம். மிஞ்சுவது 6 மெகாபிக்சல்தான். போனில் பார்க்க அது தாராளம். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவு) மட்டும் ஏற்றாதீர்கள், வெட்டிய படத்தில் புள்ளிகள் இரட்டிப்பாகத் தெரியும். பறவை பார்க்கும் திசையில் கூடுதலாகத் தண்ணீரை விட்டு வெட்டுங்கள், நீரில் தெரியும் பிம்பத்தையும் முழுதாகச் சேர்த்து.